மார்க்கிரட் கேட்கும் கேள்விகள்

“ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?”

மார்க்கிரட்டின் கேள்வி கம்ப்யூட்டர் திரையில் தோன்றி ஏழு வினாடிகூட ஆகவில்லை. அய்யாவு பதிலைத் தட்டிவிட்டான்.

“மூணு.”

பிரிக்பீல்ட்ஸில், முதலாளி கிளம்பிப் போன அலுவலகத்தில், அவருடைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த தம்புசாமி பல்லைக் கடித்தான்.

“சூயஸ் கால்வாய் திறந்த வருஷம்?”

“1869.”

“தேனீக்கு எத்தனை கண்?”

“அஞ்சு. என்ன மச்சான், தூங்கிட்டியா? ஒரு கேள்விக்காவது பதில் போடு லா!” என்று சீண்டினான் அய்யாவு.

மூவரும் கிள்ளானில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நாற்பதை நெருங்கும் வயதில், 1998இல், இந்த இன்டர்நெட் சாட் அவர்களை மறுபடி ஒன்றாக உட்கார வைத்திருந்தது. மாலை ஐந்தரைக்கு, முறை வைத்து, நாளுக்கு ஒருவர் பத்துக் கேள்வி கேட்பார். ஒரு நிமிடத்தில் பதில் வர வேண்டும். புத்தகம் பார்க்கக் கூடாது. பழைய வகுப்புத் தோழர்கள் பத்துப் பேராவது எங்கெங்கோ இருந்தபடி வேடிக்கை பார்ப்பார்கள்.

இரண்டு மாதமாகத்தான் இந்தக் கூத்து. தம்புசாமி கேட்கும் நாளில் அய்யாவுக்குப் பூட்டான் நாட்டுப் பணத்தின் பெயர் தெரியாது, ஒன்றுமே தெரியாது. மார்க்கிரட் கேட்கும் நாளில் மட்டும் அவனுக்குத் தெரியாதது உலகத்திலேயே கிடையாது.

விடை முன்கூட்டியே கைமாறுகிறது. வேறென்ன?

மறுநாள் தம்புசாமி விடுப்பு போட்டுவிட்டு கொமுட்டர் ரயில் ஏறினான். மார்க்கிரட்டுக்குக் கிள்ளானில் ஒரு நூலகத்தில் வேலை. அவளை நேரில் பிடித்து உண்மையைக் கறந்து, மாலையில் அத்தனை பேர் முன்னாலும் சாட்டில் போட்டு உடைப்பது என்று திட்டம்.

பன்னிரண்டு மணிக்கு நூலகத்துக்குள் காலை வைத்தவன், வாசலிலேயே நின்றுவிட்டான்.

ஜன்னலோர மேசையில் அய்யாவு. தெலுக் பங்லிமா காராங்கில் அவன் வேலை செய்யும் தொழிற்சாலையின் நீலச் சட்டை. நெஞ்சில் பெயர் அட்டை. முன்னால் நான்கைந்து புத்தகங்கள். வேலை நேரத்தில்!

தம்புசாமி பத்திரிகைகளை அடுக்கியிருந்த தட்டுக்குப் பின்னால் ஒதுங்கினான். சற்று நேரத்தில் அய்யாவு சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான். உடனே இவன் நேராக மார்க்கிரட்டின் முன்னால் போய் நின்றான்.

“ரெண்டு பேரும் சேர்ந்து நல்லாத்தான் நடத்துறீங்க!”

“தம்பு? நீ எங்க இங்க?”

“அதை விடு. கேள்வியெல்லாம் எங்கேருந்து எடுக்கிறே? உண்மையைச் சொல்லு.”

மார்க்கிரட் மழுப்பவில்லை.

“மேசையில விட்டுட்டுப் போற புத்தகத்தை எடுத்து அடுக்கில வைக்கிறது என் வேலை. அய்யாவு என்ன படிச்சான், எது வரைக்கும் படிச்சான்னு பார்த்துக்குவேன். ஒரு வாரம் விட்டு, அதிலேருந்து கேட்பேன். அது அவனுக்குத் தெரியாது.”

“சீட்டிங்!”

“ஆமா. சீட்டிங்தான்.”

அவள் இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டதில் தம்புசாமிக்குக் கோபம் இரட்டிப்பானது.

“உன்னை விடு. அவனுக்கு வெக்கமா இல்லை? முதலாளி சம்பளம் குடுக்கிறான். இவன் யூனிபார்மைப் போட்டுக்கிட்டு ஏர்கோன்ல குளுகுளுன்னு உட்கார்ந்து ஆக்டோபஸ் படிக்கிறான். அவன் பொண்டாட்டி தனலெட்சுமி எனக்குச் சித்தப்பா மக. காலையில அஞ்சு மணிக்கு எழுந்திரிச்சு இவனுக்குச் சோறு கட்டுது, பாவம். இரு, அதுகிட்டயே சொல்றேன்.”

மேசை மேலிருந்த போனை இழுத்து எண்களைத் தட்டினான். மூன்றாவது எண்ணிலேயே லைன் செத்தது. ரிசீவர் வைக்கும் இடத்தை மார்க்கிரட் விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

“கையை எடு.”

“எடுக்க மாட்டேன்.”

“தங்கச்சிக்கு நான் சொல்லக் கூடாதா?”

“சொல்லக் கூடாது தம்பு. மெதுவாப் பேசு.” வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “பேக்டரியில ஆளைக் குறைச்சாங்க. இவனுக்கு வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு.”

தம்புசாமி ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றான்.

“வீட்டுல சொல்லலை. தினமும் இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்புறான். வேலை தேடிப் போன நேரம் போக, மிச்ச நேரம் இங்கதான். யார்கிட்டயும் சொல்லிடாதே மார்க்கின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டான். பதினேழு இடத்துல கேட்டுட்டான். பதினேழு பேரும் இல்லைன்னுட்டாங்க.”

“என்கிட்டயாவது...”

“உன்கிட்ட எப்படிச் சொல்லுவான்? நீ பொண்ணு வீட்டு ஆளு.” அவள் குரல் இன்னும் தணிந்தது. “மூணு நாளைக்கு ஒரு தடவை என் முறை வருது. அன்னைக்கு ஒரு நாளாவது அவனைப் பார்த்து யாராவது ‘சரி’ன்னு சொல்லட்டும். அவ்வளவுதான்.”

தம்புசாமி ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தான்.

“இன்னைக்கு என் முறை,” என்றான். “போன வாரம் அவன் என்ன படிச்சான்? சீக்கிரம் எடு, அவன் சாப்பிட்டு வர்றதுக்குள்ள நான் போகணும்.”