கொழுந்து டிக்கெட்

மண் சரியும் என்று பதுளையிலிருந்து ஆபீசர்கள் வந்து சொன்னார்கள். எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்த எல்லோரும் ஓடைக்கு அந்தப் பக்கம் புது வீட்டுக்குப் போனார்கள். நான் ஆபீசர்களை நம்பவில்லை, போகவுமில்லை. சுற்றிலும் ஓடை, நடுவில் நான் மட்டும். பேச ஆளில்லை.

சில நாளாகப் பிள்ளைகள் பலகைப் பாலம் தாண்டி வந்து என் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். கொய்யாக்காய் திருடத்தான் என்று கத்தி விரட்டினேன். சிரித்துக்கொண்டே ஓடினார்கள். நேற்றுத் தொண்டை கட்டிக்கொண்டது, கத்தவில்லை.

இன்று கங்காணி பேத்தி மதுஷாவைப் பாலத்திலேயே பிடித்தேன். கை நிறையத் தேயிலைக் கொழுந்து.

"என்னாடி, கொழுந்தும் திருடுறியா?"

"இல்ல தாத்தா, இது டிக்கெட்டு. எல்லார்கிட்டயும் நான்தான் வாங்குறேன்."

"எதுக்கு?"

"டீவில காட்டுனாங்கல்ல, தீவுல உசுரோட டைனோசர் இருக்கிற பார்க்கு? இதுதான் அந்தத் தீவு."

"இங்க எங்கடி இருக்கு டைனோசர்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்து நீங்க கத்தவே இல்லையே தாத்தா. எல்லாரும் டிக்கெட்டத் திருப்பிக் கேக்குறாங்க."

கையை விட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

உள்ளே போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்தேன்.