சாரல் இல்லாத வீடு

வீட்டு புரோக்கர் முகம்மது மீரான் இரண்டு ஊர் வாடகையையும் ஒப்பிட்டுச் சொன்னார்.

“தென்காசியில மாசம் எட்டாயிரம். சீசன்ல குற்றாலத்துல அதே வீடு நாலு நாளைக்கே எட்டாயிரம். ஆனா அங்கன சாரல் அடிக்கும் சார்!”

“சாரலே வேண்டாம் பாய். தென்காசியிலயே பாரும்,” என்றார் சொரிமுத்து.

“ரெண்டு ரூம் பாப்பமா?”

“ஒண்ணு போதும். ஹாலும் வேண்டாம். கூட நாலு பேர் படுக்க இடம் இருந்தா ஆபத்து.”

மீரான் தன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பது சொரிமுத்துவுக்குத் தெரிந்தது. பார்க்கட்டும், கண்ணாடி முன்னால் நின்றால் சொரிமுத்துவே தன்னை அப்படித்தான் பார்ப்பார்.

“எத்தனை மாசத்துக்கு?”

“சீசன் முடியுத வரைக்கும்.”

“இப்ப எங்கன இருக்கிய?”

சொரிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“குற்றாலத்துல. ஐந்தருவி ரோட்டுல சொந்த வீடு. நாலு ரூம், பெரிய ஹால்.”

“பெறவு எதுக்கு இங்கன வாடகை வீடு?”

“பால் காய்ச்சுன அன்னிக்கு, ‘சீசனுக்கு எல்லாரும் நம்ம வீட்டுக்குத்தான் வரணும்’னு சொந்தக்காரங்க முன்னால மைக்குல பேசிட்டேன். நேத்தோட முப்பத்தாறு பேர் வந்தாச்சு.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“நம்ம பேச்சை குடும்பத்துல ஒருத்தனும் மதிக்கலையேன்னு முப்பது வருசமா வருத்தப்பட்டேன் பாய். இப்ப மதிச்சுட்டானுவ.”