அளவு மீறவில்லை

"கத்தாதீங்க. கதிர்வீச்சு அளவு மீறவே இல்லை. எல்லாம் பரிசோதிச்சாச்சு."

"கத்தாம என்ன செய்யறது? என் தங்கச்சி புருஷன் வாயைத் திறந்தா ரத்தம். தலையில ஒரு முடி இல்லை. காரைக்கால் பெரியாஸ்பத்திரியில கிழிஞ்ச துணியாட்டம் கெடக்காரு. உங்களுக்கு அளவு மீறலையாமே, அளவு!"

அந்தோணிமுத்து அரிசி ஆலையில் பாய்லர் ஓட்டுகிறவன். சும்மா பேசினாலே நாலு வீடு தள்ளிக் கேட்கும். இன்றைக்குப் போலகம் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டுமே!

எதிரே நாற்காலியில் இருந்தவர் தெட்சிணாமூர்த்தி. அணு மின் நிலையங்களில் பாதுகாப்பு விதிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்க டெல்லி அரசாங்கம் வைத்திருக்கும் அதிகாரி. அந்தோணிமுத்துவின் தங்கை அமலராணி மனுவுக்கு மேல் மனுவாக எழுதிப் போட்டதில், ஒரு வழியாக அம்பாசடர் காரில் வந்து இறங்கியிருந்தார். விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நம்பி அவள் காபி கொடுத்தாள். டம்ளர் காலியாவதற்குள் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார் மனிதர்!

'என் கணவர் மைக்கேல்ராஜின் நோய்க்கும் அணு மின் நிலையத்துக்கும் சம்பந்தமில்லை' என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கையெழுத்து விழுந்தால் மைக்கேல்ராஜுக்குப் பம்பாயில் அரசாங்க வைத்தியம் கிடையாது. நிலையத்தில் குழாய் துடைக்க அவனோடு காண்ட்ராக்டில் போன ஊர்ப் பையன்கள் அதே குழாய்களைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

"எங்க மில்லுக்கும் வருஷா வருஷம் பாய்லர் பார்க்க ஒரு ஆபீசர் வருவாரு" என்றான் அந்தோணிமுத்து. "பாய்லர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாரு. மேனேஜர் ரூம்ல கோழிக்குழம்பு. தின்ன கை காயறதுக்குள்ள கையெழுத்து. நீங்களும் அந்த ரகந்தானே?"

தெட்சிணாமூர்த்திக்கு முகம் சிவந்தது. "யாரைப் பார்த்து என்ன பேசறீங்க? போன ஆகஸ்ட்ல நானே நேர்ல போனேன். ஒவ்வொருத்தரையா நிக்க வெச்சுப் பார்த்தேன். மைக்கேல்ராஜ் சட்டையில பேட்ஜ் இருந்தது. நம்பர் நூத்தி நாப்பத்தேழு. கையால தொட்டுப் பார்த்தேன். போதுமா?"

"அண்ணே, சும்மா இருங்க" என்றாள் அமலராணி. சத்தத்தில் குழந்தை விழித்துச் சிணுங்கியது. தூளியை ஆட்டிவிட்டாள். தூளிக் கயிற்றில் மாதா பதக்கமும், காக்கித் துணியில் தைத்த சின்னப் பொட்டலமும் சேர்ந்து ஆடின.

அதிகாரி கொஞ்சம் இறங்கி வர நினைத்தார் போலிருக்கிறது. பொட்டலத்தை விரலால் சுண்டிவிட்டு, "தாயத்தா?" என்று குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்.

"நாங்க வேதக்காரங்க. தாயத்தெல்லாம் கட்டறதில்லை" என்று வெடுக்கெனச் சொன்னான் அந்தோணிமுத்து.

"அது புள்ளையோட அப்பா குடுத்தது சார்" என்றாள் அமலராணி. பிறகு தயங்கிக்கொண்டே கேட்டாள்: "சார், பேட்ஜைப் போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாதாமே? மேஸ்திரி அப்படித்தான் சொல்லிக் குடுத்தாராம்."

தெட்சிணாமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். "பேட்ஜ் காப்பாத்தாதும்மா. அதுக்குள்ள இருக்கிறது வெறும் ஃபிலிம். உடம்புல எவ்வளவு பட்டிருக்குன்னு காட்டும், அவ்வளவுதான். மாசா மாசம் அதைக் கழட்டிப் பார்ப்போம். மே மாசத்துலேருந்து டிசம்பர் வரைக்கும் உங்க வீட்டுக்காரர் பேட்ஜ் சுத்தம். படு சுத்தம்."

"காப்பாத்தாதா?"

"காப்பாத்தாது."

அமலராணியின் கை தூளியை ஆட்டுவதை நிறுத்திவிட்டது.

"நடுவுல வேற நம்பர் ஏதும் மாத்திக் குடுத்திருப்பீங்களா சார்?"

"அந்தப் பேச்சே கிடையாது. சேர்ந்த நாள்லேருந்து ஒருத்தருக்கு ஒரே பேட்ஜ், ஒரே நம்பர். பேட்ஜ் இல்லாம ஒரு ஈ உள்ளே நுழைய முடியாது. எங்க கண்காணிப்பு அவ்வளவு கண்டிப்பு. உங்க அண்ணன் சொல்ற பாய்லர் ஆபீசர் வேலை இல்லை இது."

"அப்ப எல்லாத்தையும் நீங்களே பார்த்தீங்க."

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"அமலா, கையெழுத்துக் கிய்யெழுத்துப் போட்டுடாதே, சொல்லிட்டேன்!" என்று அந்தோணிமுத்து மறுபடி குதித்தான்.

அவள் எழுந்தாள். வழிக்கு வந்துவிட்டாள் என்ற நிம்மதியில் தெட்சிணாமூர்த்தி பேனா மூடியைத் திருகி நீட்டினார்.

அமலராணி பேனாவை வாங்கவில்லை. தூளிக் கயிற்றிலிருந்து காக்கிப் பொட்டலத்தை அவிழ்த்தாள். தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"போன ஈஸ்டருக்கு வந்தப்ப, 'இது இருந்தா எதுவும் அண்டாது, வயித்துல இருக்கிற புள்ளைக்குக் காவல்'னு சொல்லி என் கழுத்துல போட்டுட்டுப் போனாங்க சார். புள்ளை பொறந்ததும் தூளியில கட்டினேன். அந்த ஈஸ்டர்லேருந்து இது என்னை விட்டு நகரலை. ஆகஸ்ட் மாசம் நீங்க தொட்டுப் பார்த்தது இதுதானா, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

நீட்டிய காகிதத்தின் மேல் அவள் வைத்த கறுப்பு பேட்ஜில், 147 என்று பொறித்திருந்தது.