இரண்டாவது பூச்சு

“ஆன்ட்டி, சும்மா மேலால அடிச்சா ஆறாயிரம் வெள்ளியில முடிஞ்சிரும் லா. யாருக்கும் வித்தியாசம் தெரியாது,” என்றான் சீனி.

“இல்லைத் தம்பி. முழுக்க உரிச்சுப்போட்டு அடியுங்கோ. எவ்வளவு வரும்?” என்று கேட்டார் சாரதாதேவி.

மலேசியாவில், கோப்பெங்கில் பட்டறை வைத்திருக்கும் சீனி, பழைய கார்களுக்குச் சாயம் பூசுவதில் ஈப்போ வரைக்கும் பேர் போனவன். விலையைக் குறைக்கச் சொல்லி உயிரை வாங்குகிறவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறான். ஏற்றச் சொல்லும் ஆளை இன்றுதான் பார்க்கிறான்.

“தகரம் தெரியுற வரைக்கும் உரிச்சு, துருவெல்லாம் வெட்டி எடுத்து, அப்புறம் பூச்சு மேல பூச்சு அடிச்சா பதினெட்டாயிரம் வரும்.”

“இருபத்திரண்டுக்குச் செய்ய என்ன இருக்கு?”

சீனி தலையைச் சொறிந்தான். “பம்பர், கைப்பிடி எல்லாத்துக்கும் புதுசா முலாம் போடலாம்.”

“அதையும் போடுங்கோ. அப்ப கணக்குச் சரியா வரும்.”

பாதி முன்பணம் போதும் என்று சீனி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வங்கி உறையைப் பிரித்து முழுப் பணத்தையும் மேசைமேல் வைத்துவிட்டார்.

கார் அவருடைய கணவர் குலசிங்கத்தின் மோரிஸ் மைனர். ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில், ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியது. தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். குலசிங்கத்தின் கிராணித் தோரணையைத்தான் யாராலும் அழிக்க முடியவில்லை.

இப்போது இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்களையும் தின்றுகொண்டிருந்தது. வருடம் முடிவதற்குள் ஆபரேஷன் செய்தால் பார்வை தங்கும், அதைத் தாண்டினால் கஷ்டம் என்று தனியார் மருத்துவமனை டாக்டர் சொல்லியிருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியிலோ அடுத்த பங்குனிக்குத்தான் முறை வரும். கையெழுத்துப் போடும் இடம்கூடத் தெரியாமல் போனதால், வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் சாரதாதேவியின் பொறுப்பாகிவிட்டன.

“அங்கிளுக்கு முதல்ல கண்ணப் பாத்துட்டு, அப்புறமா காடியப் பாக்கலாமே?” என்றான் சீனி.

“முதல்ல கார். பிறகுதான் கண். எங்கட வீட்டில அப்பிடித்தான்.”

ஆபரேஷன் முடிந்து கண் கட்டவிழ்த்ததும் புருஷன் புதுக் காரைப் பார்க்க வேண்டுமென்ற ஆசை போலும் என்று சீனி நெகிழ்ந்து போனான். மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றினாலே முறைக்கும் தன் மனைவி தினேஸ்வரியை நினைத்தபோது கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

சாயம் பூசி முடித்ததும் ஒரு பக்கமாகக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தகரத்தில் நெளிவு தெரிகிறதா என்று பார்ப்பது அவன் தொழில் வழக்கம். வேலையைப் பார்க்க வந்த சாரதாதேவியும் தலையை வெகுவாக இடப்பக்கம் திருப்பி, வலது கண்ணால் காரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆன்ட்டியும் எங்காளு மாதிரியே ஒத்தக் கண்ணால பாக்குறீங்க லா,” என்று சிரித்தான் சீனி.

அவர் சிரிக்கவில்லை. “வடிவாச் செய்திருக்கிறீர்,” என்று மட்டும் சொன்னார்.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம், சீனி காரை ஈப்போவுக்கு ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினான். சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்த குலசிங்கம், கார்க் கதவை உள்ளங்கையால் தடவினார்.

“கண்ணாடி மாதிரிக் கிடக்கு!” அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம் போலாகிவிட்டது. “இது ரெண்டாந்தரம், தம்பி. முதல்தரம் தொண்ணூற்று மூண்டில அடிச்சனான். அப்ப இவள் பிடிச்ச சண்டையை நீர் கேட்டிருக்கவேணும். சாப்பிடாமல் கிடந்தவள். இப்பதான் புத்தி வந்திருக்கு, தன்ட காசிலயே அடிச்சுத் தாறாள்.”

சாரதாதேவி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். பழங்களை நசுக்கிக் காரை நகர்த்துவதற்காகச் சீனி உள்ளே ஏறி உட்கார்ந்தான்.

“நாளைக்கு ஆபரேஷன். கட்டவிழ்த்த உடன இதைத்தான் முதல்ல பார்ப்பன்,” என்றார் குலசிங்கம், முன்பக்க மூடியைத் தடவியபடி. “ஆஸ்பத்திரிக்குக் காசெல்லாம் கட்டிப்போட்டியே?”

சாரதாதேவி முகத்தை நன்றாகத் திருப்பி அவரைப் பார்த்தார்.

“என்ட இடக்கண் ஆபரேஷனுக்கெண்டு அம்மா காசு தந்தவ. நினைவிருக்கோ? அதை எதில போட்டனீங்கள்?”

“அந்தக் கதை ஏன் இப்ப? அதை இந்தக் காருக்கு...”

தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. சீனி சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான்.

“உங்கட கண் காசும் இதிலதான் இருக்கு.”