குரங்குவால் எழுத்து

எதிர்க்கடையில் இன்றைக்கும் கூட்டம் நெரித்தது. பார்க்கப் பார்க்கப் பிச்சைமணிக்குச் சட்டியில் காயும் தேங்காயெண்ணெய் தன் வயிற்றுக்குள் காய்வதுபோல் இருந்தது.

ஐந்தருவிப் பாதையில் இவர் கடை, அந்தக் கடை இரண்டுமே நேந்திரம் சிப்ஸ் கடைகள். ஒரே காய், ஒரே எண்ணெய், ஒரே விலை. சீசன் தொடங்கியதும் எதிர்க்கடை ஜெபசிங் ஒரு புதுப் பலகை மாட்டினான், அவ்வளவுதான்.

'மொறுமொறு சிப்ஸ்' என்ற அந்த எழுத்தில் 'று' இரண்டுக்கும் குரங்குவால் சுருண்டிருந்தது. 'சி'யின் கொக்கியில் ஒரு குரங்குக்குட்டி தொங்கியது. புள்ளிகளெல்லாம் சாரல் துளிகள். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"ஏங்க, அங்கன என்ன பராக்கு? இங்கன ஆளு நிக்காவல்லா, நிறுத்துக் குடுங்க" என்றாள் மனைவி குருவம்மாள், கரண்டியைத் தட்டியபடி.

பிச்சைமணி எதிர்க்கடையிலிருந்து கண்ணை எடுக்காமலே பொட்டலம் மேல் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்.

மறுநாளே தென்காசிக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே ஜெபசிங்குக்கு அந்த எழுத்தைக் கையால் வரைந்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தவள் சத்யபிரியா என்ற சின்னப் பெண்.

"அவனுக்குப் போட்ட அதே எழுத்து எனக்கும் வேணும் தாயி. வாலு மட்டும் அவனுக்குள்ளதைவிட நீளமா இருக்கணும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஆளு வந்து நிக்கும் அண்ணாச்சி. அதுக்கு நான் கேரண்டி."

'சூடான சிப்ஸ்' என்று மொட்டையாக எழுதிய பழைய தகரப் பலகை விறகுக்கட்டோடு போய்ச் சேர்ந்தது. புதுப் பலகையில் 'சூ'வின் வால் வாசல் வரைக்கும் இறங்கியது. 'சி'யில் ஒன்றுக்கு இரண்டாகக் குட்டிகள்.

பலகை ஏறிய அன்றே கூட்டம் மொத்தமும் இவர் வாசலுக்கு வந்துவிட்டது. "அண்ணே, கொஞ்சம் ஒதுங்குங்க, எழுத்து மறையுது" என்று ஒரு பெண் விரட்டியபோதுகூட அவருக்கு உச்சி குளிர்ந்தது. எதிரே ஜெபசிங் தன் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"தோத்துட்டான் பய!" என்றார் மனைவியிடம்.

குருவம்மாள் வறுத்துக் குவித்த சிப்ஸ் தாம்பாளத்தில் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஜெபசிங் சாலையைத் தாண்டி வந்தான்.

"என்னலே, வயிறு எரியுதோ?"

"எரிஞ்சுது அண்ணாச்சி. சீசன் தொடங்குனதுலேருந்து எரிஞ்சுது. என் வாசலை அடைச்சு நின்னு போட்டோ எடுத்தாவ. சிப்ஸ் வாங்க வந்தவுக உள்ள நுழைய முடியாம, உங்க கடைக்குல்லா வந்தாவ!"

பிச்சைமணி தாம்பாளத்தைத் திரும்பிப் பார்த்தார். ஜெபசிங்கின் பார்வை விறகுக்கட்டின் பக்கம் போனது.

"அந்தப் பழைய போர்டு சும்மாதானே கெடக்கு? எனக்குத் தாங்களேன்."