கீழ் நிலையத்து மணி

எங்கள் ரோப் காருக்கு இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். ஆள் ஏறியதும் கீழிருந்து மச்சான் இரண்டு முறை மணியடிப்பான். மேலே நான் விசையை இழுப்பேன். பதினோரு வருடப் பழக்கம்.

இன்று விடுமுறை. மேகக் கடலைப் பார்க்க வேண்டுமென்று, கீழ் நிலையத்தைப் பூட்டிவிட்டு மச்சானும் மேலே வந்திருந்தான்.

"யப்பா, ஊரே முழுகிப் போச்சு மாமா!" என்று வாய் பிளந்தான்.

அப்போது மணி இரண்டு முறை அடித்தது. என் கை தானாக விசையை இழுத்துவிட்டது.

"நிறுத்துங்க மாமா! சாவி என்கிட்ட இருக்கு. கீழ யாருமே இல்ல!"

நிறுத்தினேன். கீழிருந்து கிளம்பி மேகத்துக்குள் எங்கோ தொங்கிய பெட்டியின் கதவை, உள்ளிருந்து யாரோ பொறுமையாகத் தட்டினார்கள்.

கிளம்பிய பெட்டி மேலே வந்து சேராமல் திரும்பாது. மேலே நின்ற பெட்டியோ காலியாக இறங்கத் தொடங்கிவிட்டது; நாங்கள் வீட்டுக்குப் போவதென்றாலும் ஏறி வரும் அதில்தான் ஏற வேண்டும்.