இந்தத் தபா அழக் கூடாது

"இந்தத் தபா நீ அழக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் ராயப்பன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"யாரு அழுவுறாங்க? என்னைப் பாத்தா அழுவுற மாதிரியா இருக்குது?" என்று சீறினாள் லூர்துமேரி. மடத்து சிஸ்டர்களுக்குக் கொடுத்தனுப்ப வறுத்த வேர்க்கடலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மல்லாட்டை உருண்டைக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. போன தடவை நடந்த கூத்து அப்படி. மகள் இருதயசெல்வி மடத்தில் சேர்ந்து சிஸ்டராகி, வடக்கே எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். சில வருஷத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு லீவு. போன லீவு முடிந்து கிளம்புகிறபோது, முகையூர் பஸ் ஸ்டாப்பில் லூர்துமேரி மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "இருடி, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போடி" என்று கதறித் தீர்த்துவிட்டாள். செல்வியும் அழுது, முகம் வீங்கித்தான் பஸ் ஏறினாள். "சாமிக்குன்னு குடுத்த பொண்ண இப்படியா கலங்கடிப்ப?" என்று ராயப்பன் வீடு வந்து சேருகிற வரைக்கும் திட்டினார்.

அதனால், இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று மகள் போன் பண்ணின அன்றைக்கே லூர்துமேரி மனசுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டாள். 'இரு' என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. வரும்போது சந்தோஷம், போகும்போது சிரித்த முகம், அவ்வளவுதான். ஆசையை வளர்த்துக்கொண்டால்தானே பேஜாரு!

செல்வி கலர் சேலையில் வந்து இறங்கியபோது மட்டும், "இன்னாடி இது?" என்று கேட்டாள். "ரயில்ல வெள்ளை அழுக்காயிடும்மா" என்றாள் மகள். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டாள். கிறிஸ்துமஸ் போயிற்று, புது வருஷமும் போயிற்று. இதோ, இன்றைக்குக் கிளம்ப வேண்டிய நாளும் வந்துவிட்டது.

செல்வி அடுப்படிக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து உருண்டை பிடிக்க ஆரம்பித்தாள்.

"ம்மா, பொங்கலுக்கு இன்னும் எத்தினி நாளு இருக்குது?"

இந்தப் பெண் பொங்கலுக்கு வீட்டில் இருந்து எத்தனை காலமாயிற்று! இருந்தாலும் லூர்துமேரி அசரவில்லை. "அது கெடக்குது போ. உங்க மடத்துல பொங்காமலா பூடுவாங்க?"

செல்வி இன்னோர் உருண்டையைப் பிடித்து வைத்தாள். பிறகு, "நான் படுத்துக்கினு இருந்தேனே, அந்தப் பின்னாடி ரூம இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள்.

"மல்லாட்டை மூட்டை அடுக்கலாம்னு உங்கப்பா சொல்லிக்கினு இருக்காரு. சும்மாதான கெடக்குது."

சொல்லிவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது லூர்துமேரிக்கு. அந்த அறையில் ஒரு முறத்தைக்கூட அவள் வைக்க விட்டதில்லை. தினமும் பெருக்கித் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்துவாள்.

"இங்க நம்ம ஸ்கூல்ல டீச்சருங்க பத்தலையாமே? அப்பா சொன்னாரு."

"பத்தலன்னா வேற ஆளைப் போடுவாங்க. உனக்கு இன்னாத்துக்கு அந்தக் கவலை? எங்கள நெனைச்சிக்கினு நீ கலங்கக் கூடாது, செல்வி. உன் இடம் அதுதான்."

"ம்" என்றாள் செல்வி. உருண்டைகளை டப்பாவில் அடுக்கி மூடினாள். மூடின பிறகும் எழுந்திருக்கவில்லை. "நான் இல்லாம உனக்குப் பழகிப் போச்சு, இல்லம்மா?"

பழக்கமாவது மண்ணாவது! சாப்பிட உட்கார்ந்தால் இன்னும் ஒரு தட்டு சேர்த்து எடுக்கிற கை அவளுடையது. ஆனாலும் லூர்துமேரி சிரித்தாள். "பின்ன? எத்தினி வருசம் ஆவுது! நல்லா பழகிப் போச்சு."

சொன்ன கையோடு கொல்லைப் பக்கம் போய் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்தாள். ராயப்பன் பார்த்தார். பரவாயில்லையே என்பது போலத் தலையை ஆட்டினார்.

பஸ் ஸ்டாப்பில் ரொம்ப நேரம் காக்க வேண்டியிருக்கவில்லை. திண்டிவனம் பஸ் வந்துவிட்டது. அதில் ஏறினால் வழியில் விழுப்புரத்தில் இறங்கி ரயிலைப் பிடித்துக்கொள்ளலாம். ராயப்பன் பெட்டியை ஏற்றிக் கொடுத்தார். செல்விக்கு ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்தது.

"கண்டக்டரு தம்பி, எம் பொண்ணு சிஸ்டரு. விழுப்புரத்துல பாத்து எறக்கி வுடுப்பா, ரயிலுக்குப் போவணும்" என்று கீழே இருந்தபடி பெருமையாகச் சொன்னாள் லூர்துமேரி.

"போய்ட்டு வர்றேம்மா" என்றாள் செல்வி. கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி.

லூர்துமேரி பல் தெரியச் சிரித்தாள். "ஜல்தி போய்ச் சேரு தாயி. மடத்துல மதர் தேடப் போறாங்க." கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஜெயித்துவிட்டாள்.

கண்டக்டர் செல்வியிடம் வந்தார். "விழுப்புரம் ஒண்ணு தானே சிஸ்டர்?"

"இப்ப நான் சிஸ்டர் இல்லீங்க. மடத்த வுட்டுட்டு வந்துட்டேன்." மெதுவாகத்தான் சொன்னாள் செல்வி. ஜன்னலுக்குக் கீழே நின்றிருந்த லூர்துமேரிக்கு எல்லாம் கேட்டது. "வண்டி எது வரைக்கும் போவுது?"

"திண்டிவனம்."

"அப்ப அங்கயே ஒண்ணு குடுங்க."

திண்டிவனத்தில் அவர்களுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. விசில் ஊதி, பஸ் நகர்ந்தது. லூர்துமேரி அதோடு கூடவே ஓடி, இரண்டு கையாலும் பஸ்ஸின் தகரத்தைப் படபடவென்று அடித்துக்கொண்டே கத்தினாள்:

"நிறுத்துய்யா வண்டிய! எம் பொண்ணு எறங்கணும்!"